மேலாக எடுத்த மூன்று கைப்பிடி

“இதை எங்கே உருவினே?”

விதைக்கூடத்து மேடம் ஒரு மத்தியானம் அவளிடம் கேட்டது இதுதான். கேள்வியில் ஒரு வில்லங்கமும் இல்லை. சாக்கில் கட்டிய சீட்டில் இடத்தின் பெயரை எழுதாமல் விட்டிருந்தாள். அதை நிரப்புவதற்காகப் பேனாவைத் திறந்துகொண்டே, தலைகூட நிமிராமல் கேட்டார்.

“மேட்டுப் பக்கம்” என்றாள் அவள்.

இரண்டே வார்த்தை. வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்று பேரெடுத்தவள், அதில் பாதியைப் பொய்யாகவே செலவு செய்துவிட்டாள்.

எல்லோரும் அவளைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது மாமா, அதாவது அக்கா புருஷன். வீட்டுக்குள் அவள் வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது, திரும்பிப் பார்த்தால் மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்பதால் வைத்த பெயர். அம்மா போன பிறகு அக்கா வீடே அவளுக்கு வீடாகிவிட்டது. ஒன்பதாவது வரை பள்ளிக்கூடம் போனாள். எழுந்து நின்று வாசி என்றால் எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், குரல் மட்டும் வராது. ஒரு நாள் நாற்பது பேர் சேர்ந்து சிரித்தார்கள். மறுநாள் காய்ச்சல் என்று படுத்தாள். அதற்கு மறுநாளும் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் மூன்று வருஷமாக இறங்கவே இல்லை.

மாமா டிராக்டர் ஓட்டுகிறவர். வாய் ஓயாத மனுஷர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகி, வீட்டிலும் அதே குரல்தான். “இவர் ரகசியம் சொன்னா அடுத்த தெருவிலிருந்து பதில் வரும்” என்பாள் அக்கா. அவர்தான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

“ஏ பூனை, பேசவே வேண்டாத வேலை ஒண்ணு இருக்கு, வர்றியா? விதை எண்ணுற வேலை. விதை உன்னை எழுந்து நின்னு வாசின்னு சொல்லாது.”

மேடத்திடம் அவளுக்காகப் பேசியதும் அவரே. “பொண்ணு வாயைத் திறக்கமாட்டா மேடம். ஆனா கை சுத்தம். நான் பொறுப்பு” என்றார். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதைக்கூடம் ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, சுவர் ஓரமெல்லாம் சாக்குகள், நடுவில் ஒரு நீள மேசை. அதைத் தாண்டி இருநூறு ஏக்கர் நிலம். ஒரு காலத்தில் அது புல்காடாக இருந்ததாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள், நடுவெல்லாம் இடுப்பளவு புல், புல்லுக்குள் பெயர் தெரியாத நூறு செடிகள். இதைப் பொட்டல் என்று நினைத்த பால் பண்ணைக்காரர்கள் சிலர், மாடு தின்பதற்காக வெளியிலிருந்து ஒரு புல்லைக் கொண்டுவந்து விதைத்தார்கள். அந்த மாட்டுப்புல் மற்ற எல்லாவற்றையும் கழுத்தை நெரித்துவிட்டு, தான் மட்டும் நின்றது. பண்ணை மூடிப்போயும் புல் போகவில்லை.

அதை ஒழித்து மறுபடி புல்காடு ஆக்க, விதைக்கூடத்தார் முதலில் ஐம்பது ஏக்கரை எடுத்து மூன்று கோடைகள் உழுதார்கள். முளைக்கவிட்டு உழுவது, மறுபடி முளைக்கவிட்டு மறுபடி உழுவது. உழுதது மாமா. மண்ணுக்குள் அதன் விதை தீரும் வரை விடாமல் அந்த வெயிலில் போய் வந்தார். நிலம் சுத்தமான பிறகுதான் சொந்த விதைகளைத் தூவ முடியும். நாற்று வளர்த்து நட்டால் மரம் வரும், புல்காடு வராது. அதனால் புல், செடி, மரம் என்று அறுபது வகை விதையையும் மணலோடு கலந்து, முதல் மழைக்கு முன்னால் நேரே மண்ணில் கையால் தூவுவது மேடத்தின் வழி.

அந்த விதையைக் கடையில் வாங்க முடியாது. மிச்சம் மீதி புல்காடு இருக்கும் இடங்களுக்குப் போய், பதினொரு பெண்கள் கையால் உருவிக் கொண்டுவந்தார்கள். பூனையும் அதில் ஒருத்தி. அறுபதில் முக்கியமானது வால்புல். அதன் விதைக்கு விரல் நீளத்தில் ஒரு வால் உண்டு. ஈரம் பட்டால் அந்த வால் முறுக்கிக்கொண்டு சுழன்று, விதையை மண்ணுக்குள் திருகி இறக்கிவிடும். மாட்டுப்புல் விதைக்கு வாலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வழுவழுவென்று நழுவும்.

இதனால்தான் கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சாக்கு வந்தாலும் மூன்று கைப்பிடி எடுத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, தோள் வரை கையை விட்டு அடியிலிருந்து ஒன்று. வால் உள்ள விதைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலேயே நிற்கும். வழுவழு விதை நழுவி நழுவி அடிக்குப் போய்விடும். மேலே மட்டும் பார்த்தால் எந்தச் சாக்கும் நல்ல சாக்குத்தான்.

அந்த மேசையில் வழக்கமாக உட்காருகிறவர் கண்ணாடியக்கா. மகளுக்குப் பிரசவம் என்று அவர் போன பதினைந்து நாளும் பூனைதான் உட்கார்ந்தாள். வெள்ளைத் தாளைப் பரப்பி, கைப்பிடியைக் கொட்டி, ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவாள். ஒரு சாக்கைக்கூட அவள் லேசில் விட்டதில்லை. நெட்டையக்கா என்று ஒருத்தி, பெண்களில் வாய்த்துடுக்கு. அவள் சாக்கையே பூனை ஒரு தடவை திருப்பிவிட்டாள்.

“அடிப்பாவி, ஏழு வழுக்கை விதைக்கா என் சாக்கைத் திருப்புறே?” என்று இடுப்பில் கை வைத்தாள் நெட்டையக்கா. “ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துகிட்டு கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திப் பாக்குறா பாரு.”

திட்டிக்கொண்டே உட்கார்ந்து சாக்கு முழுவதையும் முறத்தில் புடைத்துச் சுத்தம் பண்ணிக் கொடுத்தாள். அன்று பூனைக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. தன் பேச்சை ஒருவர் கேட்டார், அதுவும் தான் பேசாமலே.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசி வாரம் வரை.

அதுவரை, வால்புல் கலப்பில்லாமல் நிற்கும் மேட்டுக்கு வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். கடைசி வாரம் வேன் மணல் ஏற்றப் போய்விட்டது. இன்னும் ஆளுக்கு ஒரு சாக்கு வால்புல் வேண்டும், அவரவர் நடந்து போய்க் கொண்டுவாருங்கள் என்றார் மேடம். மேட்டுக்கு நடந்து போக ஒரே பாதை. அது பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகிறது.

முதல் நாள் அவள் போய்ப் பார்த்தாள். காலி சாக்கைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட முனை வரை நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் அவளோடு படித்தவர்கள் நின்றார்கள். இப்போது பன்னிரண்டாவது. ஒருத்தி இவள் பக்கம் திரும்பினாள். பார்த்தாளோ இல்லையோ, பார்த்துவிட்டதாக இவள் உடம்பு முடிவு செய்துவிட்டது. காது மடல் இரண்டும் சுட்டது. காலணி வார் அறுந்ததுபோலக் குனிந்து, குனிந்தபடியே திரும்பி, வந்த வழியே நடந்தாள்.

கால் தானாகக் கொண்டுபோய் விட்ட இடம் பழைய மாட்டுப் பட்டியின் பின்சுவர். அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. சுவர் ஓரமாக வால்புல் கொத்துக் கொத்தாக நின்றது. அதன் ஊடே மாட்டுப்புல்லும் நின்றது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, தலைமுடி சிக்கினதுபோலக் கிடந்தன. பிரித்துப் பிரித்து உருவினால் ஒரு சாக்குக்குப் பத்து நாள் ஆகும். அவள் முதலில் பிரித்துத்தான் உருவினாள். வெயில் ஏற ஏறக் கை வேகமாயிற்று. வழுவழு விதை விரலிடுக்கில் நழுவுவது தெரிந்தது. புடைக்கும்போது போய்விடும் என்று மனதுக்குச் சொன்னாள். மனது நம்பவில்லை, கை நம்பியது.

மூன்றாம் நாள் சாக்கு நிரம்பிவிட்டது. மற்றவர்களுக்கு ஐந்து நாள் ஆனது. “பூனை புலி ஆயிடுச்சு பாருங்கடி!” என்றாள் நெட்டையக்கா.

புடைக்க நேரம் இருந்ததா என்றால் இருந்தது. எல்லோர் கண் முன்னாலும் முறத்தைப் போட்டுப் புடைத்தால், கீழே விழுவதைப் பார்த்து மேட்டில் ஏது இவ்வளவு மாட்டுப்புல் என்று கேட்பார்கள். ஏன் மேட்டுக்குப் போகவில்லை என்று கேட்பார்கள். பள்ளிக்கூட வாசல் என்று சொல்ல வேண்டிவரும். அதைவிட நாக்கு அறுந்து விழலாம்.

சாக்கு அவள் மேசைக்கே வந்தது. அவள் சாக்கை அவளேதான் பார்க்க வேண்டும், கண்ணாடியக்கா வர இன்னும் நாலு நாள். கூடத்தில் அப்போது யாரும் இல்லை. வெள்ளைத் தாளை விரித்தாள். மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தாள். நடுவிலிருந்து எடுக்க வேண்டிய கை, மணிக்கட்டு வரை போய் நின்றுவிட்டது. மேலிருந்தே இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதும் மேலிருந்தே. எண்ணினாள். நூற்றுக்கு இரண்டு வழுக்கை. ‘நல்லது’ என்று தாளில் குறித்தாள். யாரும் இல்லாத அறையில்கூட அவள் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் எழுதினாள்.

அப்புறம்தான் மேடம் வந்து சீட்டைப் பார்த்துக் கேட்டார். அவளும் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னாள்.

விதைக்கிற நாளுக்கு முந்தின நாள் எல்லாச் சாக்கையும் தார்ப்பாயில் கொட்டினார்கள். பதினொரு பேர் விதையும் மணலும் ஒன்றாகி, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி, எது யாருடையது என்று பிரம்மாவுக்கே தெரியாதபடி கலந்துபோயின. கிழக்குப் பங்கு இருபத்தைந்து ஏக்கருக்கு ஒரு கலவை, மேற்குப் பங்கு இருபத்தைந்துக்கு ஒரு கலவை. அவள் சாக்கு கிழக்கில் விழுந்தது. அது கலந்து மறைவதைப் பார்த்தபோது அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு வந்ததற்காகவே பின்னால் அவள் பல நாள் வெட்கப்பட்டாள்.

மறுநாள் மாமா கிழக்கு வாசல் வழியாக டிராக்டரை உள்ளே விட்டார். பல் வைத்த கலப்பையால் மண்ணை லேசாகக் கீறிக்கொண்டே போனார். பெண்கள் வரிசையாகப் பின்னால் தூவிக்கொண்டு நடந்தார்கள்.

“கல்யாண வீட்டுல அட்சதை போடுற மாதிரி கிள்ளிக் கிள்ளிப் போடாதீங்கம்மா, அள்ளி வீசுங்க!” என்று இருக்கையிலிருந்து திரும்பிக் கத்தினார்.

“நீ நேரா ஓட்டுய்யா முதல்ல! உன் கோடு உன் பேச்சை மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு போகுது” என்றாள் நெட்டையக்கா.

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆறாவது வாரம் மேடம் கிழக்குப் பங்கில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். இலையைத் தடவினார். இன்னொன்றைப் பிடுங்கினார். வால்புல் நாற்று ஊசி மாதிரி, அடியில் செம்மை. இது அகல இலை, மேலெல்லாம் பூனை மயிர். எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தார். கோடு கோடாக அதே பச்சை. அவர் முழங்காலில் ஒட்டிய சேற்றைத் துடைக்காமலே நின்றுகொண்டிருந்தார். பத்தடி தள்ளி நின்ற பூனைக்கு அந்தக் கணமே எல்லாம் தெரிந்துவிட்டது.

மண்ணில் பழைய விதை இருந்திருக்குமோ? மேற்கும் அதே மண்தான், அது பளிச்சென்று இருக்கிறது. சேகரித்த விதையில் வந்திருக்குமோ? ஒவ்வொரு சாக்குக்கும் மூன்று கைப்பிடி பார்த்த கணக்கு இருக்கிறது, எல்லாம் ‘நல்லது’. மிஞ்சியது கலப்பை. விதைப்புக்கு முந்தின வாரம் மாமா அதே கலப்பையோடு பக்கத்து மாட்டுக்காரர் நிலத்தை உழப் போயிருந்தார். அங்கே முழுக்க மாட்டுப்புல். திரும்பி வந்தால் வாசலுக்கு வெளியே நிறுத்தி, பல்லிடுக்கு மண் எல்லாம் போகத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வந்தது கிழக்கு வாசல். பாழானதும் கிழக்கு.

“கழுவினேன் மேடம்” என்றார் மாமா.

“யார் பார்த்தாங்க?”

“யார் பார்ப்பாங்க? நானும் குழாயும்தான் இருந்தோம். வேணும்னா குழாயைக் கூப்பிட்டு விசாரிங்க.”

வேறொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அன்று அந்த நகைச்சுவையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள், இதையும் அப்படித்தான் எடுத்திருப்பான் என்று ஆகிப்போனது. மேடம் சத்தம் போடவில்லை. “மூணு வருஷம்” என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று வருஷமும் உழுதவர் எதிரில் நிற்பவர்தான் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பூனைக்கு வந்தது. வந்து என்ன?

வீட்டில் அக்கா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் தையல்காரி. மெஷின் ஓட ஓட வாயும் ஓடும்.

“எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வேலையில வாயைக் குறைச்சு கையைக் காட்டுன்னு. ஊரே பேசுது. துணி கொடுக்க வர்றவ ஒவ்வொருத்தியும், உங்க வீட்டுக்காரர் கழுவலையாமேன்னு கேக்குறா.”

“கழுவினேன்டி.”

“நம்ம வீட்டுத் தட்டையே நீங்க கழுவி நான் பாத்ததில்ல.”

“தட்டு வேற, கலப்பை வேற.”

“இதையும் அவங்ககிட்ட ஜோக்கா சொல்லிட்டு வந்தீங்களாக்கும்.”

பூனை சமையலறை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று முட்டியது. செம்பை வைத்துவிட்டு வந்து பாயை விரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் கிழக்குப் பங்குக்குப் போனாள். மண்டி போட்டு மாட்டுப்புல் நாற்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினாள். வால்புல் நாற்று பக்கத்திலேயே நிற்கும், அதை விரலால் அணைத்துக்கொண்டு இதை இழுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஒரு கட்டில் அளவு இடம் சுத்தமாயிற்று. தலையை நிமிர்த்திப் பார்த்தால் நிலம் அடிவானம் வரை கிடந்தது. அவள் ஏழு நாள் அப்படிப் போனாள். எட்டாம் நாள் மேடம் பார்த்துவிட்டார்.

அன்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். “யாரும் கேட்காம, விடியறதுக்குள்ள வந்து களை பிடுங்குது இந்தப் பொண்ணு. வீட்டு ஆள் செஞ்ச தப்புக்கு இது முதுகொடிக்குது. இப்படி நாலு பேர் இருந்தாப் போதும் எனக்கு.” பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டையக்கா வந்து அவள் உள்ளங்கையைப் பிரித்து, புல் அறுத்த கோடுகளைப் பார்த்து, “ஐயோ என் தங்கமே” என்றாள். மறுநாளிலிருந்து பதினொரு பேரும் களை பிடுங்க இறங்கினார்கள். கண்ணாடியக்காவுக்கு இனிப் பேரப்பிள்ளையோடுதான் இருப்பு என்பதால், மேசை வேலை நிரந்தரமாகப் பூனைக்கே என்றும் பேச்சு வந்தது.

திட்டு வாங்கியிருந்தால் அவளால் தாங்க முடிந்திருக்கும். நாற்பது பேர் சிரித்ததையே தாங்கினவள். ‘தங்கமே’ என்ற சொல்லை அவளால் தாங்க முடியவில்லை. யாரோ தன் மேல் தவறுதலாகப் போர்த்திவிட்ட சால்வையைக் கழற்ற வழி தெரியாமல் நிற்பதுபோல இருந்தது. கழற்றினால் அடியில் ஒன்றுமே உடுத்தியிருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

இதற்கிடையில் மாமாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. டிராக்டரை வேறொருவர் ஓட்டினார். இவரை வேலியோரம் குழி தோண்ட அனுப்பினார்கள். மாலையில் கொட்டகையில் கலப்பையைக் கீழே சாய்த்து, ஒரு கம்பியால் ஒவ்வொரு பல்லின் இடுக்கையும் நோண்டிக்கொண்டிருந்தார். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி நோண்டினார். அக்கா கொடுத்தனுப்பிய டீயை நீட்டியபடி பூனை பக்கத்தில் நின்றாள்.

“பூனை, இங்க வா. இந்த மூணாவது பல்லு இருக்குல்ல, இதோட பின்பக்கம் ஒரு மடிப்பு. பாரு, தண்ணி அடிச்சாலும் உள்ள போகாது.” கம்பியை விட்டுக் காட்டினார். “நான் கழுவினேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆனா இந்த மடிப்பைக் கழுவினேனான்னு ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். ஞாபகம் வரல. அன்னைக்கு உங்க அக்கா வேற சீக்கிரம் வரச் சொல்லியிருந்தா. அவசரத்துல விட்டிருப்பேன். அப்படித்தான் இருக்கணும், இல்லையா? வேற எப்படி வரும்?”

அவள் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நீதான் ஒவ்வொரு சாக்கையும் அப்படிப் பார்த்தே. உன்கிட்டருந்து தப்பு வராது. நெட்டச்சி சாக்கையே திருப்பின ஆளாச்சே நீ.” சிரிக்கப் பார்த்தார். “மூணு வருஷம் நான் உழுததை நானே பாழாக்கிட்டேன் பாரு. என்னை மாதிரி ஒரு மடையன் உண்டா?”

அவர் அவளிடம் நிஜமாகவே பதில் எதிர்பார்த்தார். அவள் டம்ளரைக் கலப்பை மேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள். டீ கொட்டியிருக்கும்.

அந்த வாரக் கடைசியில் மேடம் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். காலிச் சாக்குகளை மடித்துப் போட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். தகரக் கூரையில் வெயில் படபடத்தது. கிழக்குப் பங்கைப் பற்றி முடிவு சொல்வதற்காகக் கூப்பிட்டார். கையால் பிடுங்கித் தீராது, மறுபடி உழுதுவிட்டு அடுத்த மழைக்குத்தான் விதைக்க முடியும் என்றார். மேல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும், காரணம் எழுத வேண்டும் என்றார். எழுதி வைத்திருந்த தாள் மேசை மேல் இருந்தது.

மாமா தானாகவே எழுந்தார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

“அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்” என்றார். குரல் தணிந்திருந்தது. அவர் வாயிலிருந்து அவ்வளவு தணிந்த குரலை அங்கே யாரும் கேட்டதில்லை. “மூணு வாரமா நீங்கல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பிடுங்குறீங்க. பாக்குறப்பல்லாம் வெக்கமா இருக்கு. கழுவினேன் கழுவினேன்னு சாதிச்சேன். ஒழுங்காக் கழுவலை போலிருக்கு. தப்பு என்னோடதுதான். எல்லாரும் மன்னிச்சுக்கணும்.”

கையைக் கூப்பினார். கூப்பிய கையின் நகக்கண்ணில் கலப்பைத் துரு இருந்தது.

பூனை எழுந்து நின்றாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. நின்ற பிறகுதான் எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தாள். பழைய வகுப்பறை மாதிரியே இருந்தது. வாயைத் திறந்தாள், வெறும் காற்று வந்தது. மறுபடி திறந்தாள்.

“நான்தான்.”

“என்னம்மா?” என்றார் மேடம்.

“என் சாக்கு. மூணு கைப்பிடியும் மேலயிருந்துதான் எடுத்தேன்.”

வெளியாள் ஒருவர் கேட்டிருந்தால் இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார். அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்திக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு பெருமூச்சு சாக்குகள் மேல் வரிசையாக ஓடியது. ஒருத்தி தன் கையைப் பார்த்துக்கொண்டாள், தோள் வரை சாக்குக்குள் விட்டு விட்டுக் கீறல் விழுந்த கை.

“மேட்டுக்குப் போகல. பட்டிச் சுவர் பின்னால உருவினேன். அங்க ரெண்டும் கலந்து இருந்துச்சு. தெரியும்.” ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்தாள். “தெரிஞ்சுதான் எடுத்தேன். மாமா கழுவியிருப்பாங்க. கலப்பையில ஒண்ணுமில்ல.”

“எப்போ தெரியும் உனக்கு, இதனாலதான்னு?” மேடம் கேட்டார்.

“நீங்க மண்டி போட்டுப் பிடுங்கின அன்னைக்கே.”

“அன்னைக்கிலேருந்தா?” என்றாள் நெட்டையக்கா. அவள் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. “அப்போ விடியக்காலம் போய்ப் பிடுங்கினது...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டாள். ‘தங்கமே’ என்று சொன்ன வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“ஏன்மா மேட்டுக்குப் போகல?” என்றார் மேடம்.

இதற்குத்தான் அவள் இத்தனையும் செய்தாள். இந்த ஒரு கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான். வந்துவிட்டது. “பள்ளிக்கூடம் வழியாப் போகணும்” என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னது என்று அவளுக்கே கேட்டது. இருபத்தைந்து ஏக்கருக்கும், மூன்று கோடை உழவுக்கும், ஒரு மனுஷன் கைகூப்பி நிற்பதற்கும் எதிரில் வைத்தால், ஒரு பஸ் நிறுத்தம். யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

மேடம் மேசை மேலிருந்த தாளை எடுத்து நான்காக மடித்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார். “நான் உங்ககிட்ட...” என்று தொடங்கினார். “திங்கள்கிழமையிலேருந்து நீங்களே வண்டியை எடுங்க. உங்களை நான் நம்பியிருக்கணும்.”

மாமா கேட்டதாகவே தெரியவில்லை. கூப்பிய கையை எப்போது பிரித்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். தெரியாத ஊரில் யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி, இவள் யார், எப்படி இருப்பாள் என்று முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. கலப்பைப் பல்லின் மடிப்பை அவர் காட்டிய சாயங்காலமும், டீயை வைத்துவிட்டு அவள் ஓடியதும் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றன.

“மாமா” என்றாள்.

“ஏதாவது சொல்லுய்யா” என்றாள் நெட்டையக்கா மெதுவாக. “திட்டிடு. ரெண்டு அடிகூட அடி. இப்படி நிக்காதே.”

வாய் ஓயாத அந்த மனுஷரின் உதடு ஒரு முறை அசைந்தது. பிறகு அவர் சாக்குகளின் நடுவே வழி பார்த்து நடந்தார். உட்கார்ந்திருந்த பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். வாசலில் செருப்பைத் தேடி, இடது காலுக்கு வலதை மாட்டி, கழற்றி, சரியாக மாட்டினார். அவள் பக்கம் திரும்பவில்லை. வெயிலில் இறங்கி, கொட்டகையில் நின்ற டிராக்டரைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து நடந்து போனார்.